கோழி ஒரே காரணத்தால் சாவதில்லை: கோடையில் நாட்டுக்கோழியைக் காப்பாற்றுவது எப்படி

கோழி இப்போதே சுருண்டு விழுந்து கிடக்கிறது, அதனால்தான் தேடி வந்தேன் என்றால் இந்தப் பத்தியை மட்டும் படித்துவிட்டு ஓடுங்கள். கோழியை நிழலுக்குத் தூக்கிப் போங்கள். ஒரு வாளியில் சாதாரணத் தண்ணீர் எடுத்து, காலும் அடிவயிறும் நனையும்படி நாலைந்து நிமிடம் பிடித்து நில்லுங்கள். மொட்டை மாடித் தொட்டியில் காய்ந்து கிடக்கும் தண்ணீர் வேண்டாம், ஐஸ் தண்ணீரும் வேண்டாம். கொண்டையிலும் தாடியிலும் ஈரத்துணியால் ஒற்றிவிட்டு, காற்று வரும் இடத்தில், ஃபேன் இருந்தால் அதன் முன்னால் வையுங்கள். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், மூச்சு இளைத்துக்கொண்டிருக்கிற கோழிக்கு அது நேரே மூச்சுக்குழாய்க்குத்தான் போகும். தலை நிமிர்ந்த பிறகு அலகின் ஓரத்தில் சொட்டு சொட்டாக வைத்தால் தானே விழுங்கும். மருந்துக்கடையில் கிடைக்கிற ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அளவுப்படி தண்ணீரில் கரைத்து அதையே வைக்கலாம். அன்றைக்கு அந்தக் கோழியை மந்தையோடு விட வேண்டாம், ஏன் என்று பின்னால் வருகிறது.

சரி, இனி நிதானமாகப் பேசலாம்.

என்னிடம் எப்போதும் முப்பது முப்பத்தைந்து உருப்படி இருக்கும், பெரும்பாலும் சிறுவிடை, ரெண்டு மூன்று பெருவிடை, இரண்டுமே நாட்டுக்கோழி வகைதான். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மே மாதம், கத்திரி தொடங்கி ஒரு வாரம் ஆகியிருக்கும், நாலே நாளில் ஏழு கோழி போனது. முதலில் வெயில்தான் என்று நினைத்தேன். அப்புறம் பக்கத்து வீட்டு அக்கா சீக்கு வந்துவிட்டது என்றார். சந்தையில் வாங்கிய கோழியோடு வந்த வினை என்றார் என் மாமா. கடைசியில் செத்த கோழி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனபோது அவர் நோயின் பெயரைச் சொல்லவேயில்லை, "போன பத்து நாளில் என்னென்ன மாற்றினீர்கள்?" என்றுதான் கேட்டார். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சந்தையிலிருந்து ஆறு விடைக்கோழி வாங்கி வந்து அன்று மாலையே மந்தையோடு விட்டேன். கம்பு தீர்ந்துவிட்டதென்று திங்களன்று கடைத் தீவனத்துக்கு மாற்றினேன். ஊருக்கு ஊசி போட ஆள் வந்தாரே என்று செவ்வாய்க்கிழமை நண்பகலில் எல்லாவற்றையும் துரத்திப் பிடித்து ஊசியும் போட்டாயிற்று. வெயில் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. செத்த ஏழில் புதிதாக வந்தவை இரண்டுதான், மீதி ஐந்தும் என் வீட்டிலேயே பொரித்து வளர்ந்தவை.

பட்ட காலிலே படும் என்பார்களே, உடம்பு வேலை செய்கிற விதமே அதுதான். 1936இல் ஹான்ஸ் செல்யே என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர் கனடாவின் மான்ட்ரியலில் எலிகளை வைத்துச் செய்த சோதனை ஒன்றை வெளியிட்டார். சில எலிகளைக் குளிரில் வைத்தார், சிலவற்றைக் காயப்படுத்தினார், சிலவற்றை ஓயாமல் ஓட வைத்தார், சிலவற்றுக்கு மருந்தை அளவுக்கு மீறிக் கொடுத்தார். துன்பம் வேறு வேறு, ஆனால் அறுத்துப் பார்த்தால் உள்ளே ஒரே கோலம்: அட்ரினல் சுரப்பி வீங்கியிருக்கிறது, நோய் எதிர்ப்புக்கு வேண்டிய தைமஸ் சுருங்கியிருக்கிறது, வயிற்றில் புண். இன்று எல்லோரும் வாய்க்கு வாய் சொல்கிற 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல் மருத்துவத்தில் வேரூன்றியது இவரால்தான். கோழியிலும் கதை இதேதான். வெயிலானாலும், சண்டையானாலும், கிருமியானாலும், துரத்திப் பிடிப்பதானாலும் கார்ட்டிகோஸ்டிரோன் என்ற ஒரே ஹார்மோன்தான் ஏறுகிறது. அது ஏறினால் உடம்பு இருக்கிற சத்தையெல்லாம் அந்த நேரத்து உயிர் பிழைப்புக்குத் திருப்பிவிடும், முட்டை, வளர்ச்சி, இறகு, நோய் எதிர்ப்பு எல்லாம் காத்திருக்க வேண்டியதுதான். ஒரு நாள் காத்திருந்தால் ஒன்றும் ஆகாது. பத்து நாள் காத்திருந்தால், சாதாரணமாக உடம்பிலேயே ஒடுங்கிக் கிடக்கிற கிருமிகூட எழுந்துகொள்ளும்.

அதனால் இதில் நான் சொல்லப்போகிற எல்லாமே ஒரே வேலையைத்தான் சுற்றிவருகிறது. உங்களால் குறைக்க முடியாத சுமை ஒன்று இருக்கும்போது, அதாவது வெயில், குறைக்க முடிகிற மற்ற சுமைகளை அந்த நேரத்தில் இறக்கி வைப்பது.

வெயில் உள்ளே என்ன செய்கிறது

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடம்புச் சூடு சாதாரணமாகவே 41 முதல் 42 டிகிரி செல்சியஸ், நமக்கு அது கடும் காய்ச்சல். வெளியே 30ஐத் தாண்டியதும் கொண்டை, தாடி, கால் வழியாகச் சூட்டை வெளியேற்றப் பார்க்கும், இறக்கையை உடம்பை விட்டு விலக்கி வைத்துக்கொள்ளும். அது போதாதபோது வாயைத் திறந்து இளைக்கத் தொடங்கும். நாக்கும் தொண்டையும் ஈரம், அதன்மேல் காற்றை வேகவேகமாக ஓட்டி ஆற்றிக்கொள்கிறது, ஈரத்துணி சுற்றிய மண்பானை மாதிரி.

இதற்கு ஒரு விலை உண்டு. இளைக்கும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியே போய்விடுகிறது, ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. முட்டை ஓடு என்பது கால்சியம் கார்பனேட், அந்தக் கார்பனேட்டுக்கு வேண்டிய சரக்கு இந்தக் கரியமில வாயுவிலிருந்துதான் வர வேண்டும். அதனால்தான் சித்திரை, வைகாசியில் கையில் எடுத்தாலே நெரிகிற தோல்முட்டையும் மெல்லிய ஓட்டு முட்டையும் வருகின்றன. கிளிஞ்சல் வைப்பது நல்லதுதான், ஆனால் வெயிலைக் குறைக்காமல் கிளிஞ்சலை மட்டும் கொட்டிப் பயனில்லை. ஓடு மெலிவது உங்களுக்கு வருகிற முதல் தந்தி, கோழி விழுவதற்குப் பல நாள் முன்பே வந்துவிடும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஈரத்தால் ஆற்றிக்கொள்கிற உயிருக்குப் புழுக்கம்தான் பெரிய எதிரி. ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கத்து வறண்ட 39 டிகிரியைத் தாங்குகிற கோழி, கடலோரத்துப் புழுக்கமான 35இல் தவித்துப்போகும். எனவே கொட்டகையைச் சுற்றி நனைத்த சணல் சாக்கு கட்டுங்கள் என்ற அறிவுரை உள்மாவட்டங்களுக்குத்தான் பொருந்தும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ அதைச் செய்தால் உள்ளே நீராவிக் குளியல்தான். அங்கே காற்றோட்டம்தான் மருந்து, தடுப்பைத் திறந்துவிடுங்கள், முடிந்தால் ஃபேன் வையுங்கள்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வழியாக வரும் வானிலை ஆலோசனைகளில் 'வெப்ப அயற்சி' என்று போடுவார்கள், பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் முட்டைப் பண்ணைகளுக்காகச் சொல்வது என்றாலும் நமக்கும் உதவும். முக்கியமாக, வெயில் திடீரென்று ஏறுகிற முதல் சில நாட்களில்தான் சாவு அதிகம். ஒரு வாரம், பத்து நாள் தாக்குப்பிடித்த கோழி ஓரளவு பழகிக்கொள்ளும். அதனால் ஏற்பாட்டையெல்லாம் பங்குனியிலேயே முடித்துவிடுங்கள், கத்திரி பிறந்த பிறகு ஓடாதீர்கள்.

என்ன ஏற்பாடு? முதலில் தீவன நேரம். தின்ற தீவனம் செரிக்கும்போதே உடம்பில் சூடு பிறக்கிறது, அது சில மணி நேரம் நீடிக்கும். காலை ஒன்பது மணிக்கு வயிறு முட்டத் தின்ற கோழிக்கு நண்பகலில் வெளிச்சூடும் உள்சூடும் சேர்ந்துகொள்ளும். விடிந்ததும், அஞ்சரை ஆறு மணிக்கே, ஒரு பங்கு கொடுங்கள். பத்து மணிக்குத் தட்டை எடுத்துவிடுங்கள். மறுபங்கு மாலை நாலரைக்கு மேல். நடுவில் கீரை ஏதாவது, முருங்கையோ அகத்தியோ கட்டித் தொங்கவிட்டால் போதும். எனக்குத் தெரிந்து காசில்லாமல் செய்யக்கூடியதில் இதைவிடப் பலன் தருவது வேறு எதுவும் இல்லை.

அடுத்தது தண்ணீர். வளர்ந்த கோழி சாதாரண நாளில் கால் லிட்டர் வரை குடிக்கும், கோடையில் அது இரண்டு மடங்குக்கு மேலும் போகும். ஆனால் சூடான தண்ணீரை அது தொடாது. பிளாஸ்டிக் டப்பாவை வெயிலில் வைத்துவிட்டு, தண்ணீர்தான் இருக்கிறதே என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், கோழி தாகத்தில் சாகும். அகலமான மண் சட்டி, நிழலில், குறைந்தது மூன்று இடத்தில். மதியம் பன்னிரண்டுக்கும் இரண்டரைக்கும் மாற்றி ஊற்றுங்கள். குஞ்சு இருந்தால் சட்டிக்குள் கூழாங்கல் போடுங்கள், விழுந்து மூழ்கிவிடும்.

கூரை தகரமாகவோ சிமென்ட் ஷீட்டாகவோ இருந்தால் மேலே தென்னங்கீற்று பரப்புங்கள், இல்லாவிட்டால் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். புதிதாகக் கட்டுவதென்றால் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும், காலை வெயிலும் மாலை வெயிலும் நீளச் சுவரில் அறையாது. மரம் இருந்தால் இதெல்லாம் பாதிதான் தேவை. என் வீட்டில் வேப்பமரம் ஒன்று, அதன் அடியில் குழிபறித்துப் படுத்துக்கொண்டால் கோழிகள் கொட்டகையைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

இனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கழுத்தில் இறகே இல்லாத மொட்டைக்கழுத்துக் கோழியை அசிங்கம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அந்த மரபணு கழுத்தில் மட்டுமல்ல, மொத்த உடம்பிலும் இறகைக் குறைக்கிறது, அதனால் வெயிலை நன்றாகத் தாங்கும். அழகு பார்த்து வாங்குவதென்றால் உங்கள் விருப்பம்.

எல்லா நெருக்கடியும் கெடுதல் என்றும் சொல்லிவிட முடியாது. 1990களில் இஸ்ரேலில் கறிக்கோழிக் குஞ்சுகளை ஐந்தாம் நாள் வயதில் 24 மணி நேரம் 36 டிகிரி வாக்கில் வைத்துப் பார்த்தார்கள். அவை வளர்ந்த பிறகு கடும் வெயிலில் மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கின. சின்ன வயதில் அளவாகப் பட்டது உடம்பில் தங்கிவிடுகிறது. அதற்காக வீட்டில் பல்பைப் போட்டு முயன்று பார்க்காதீர்கள், அரை மணி நேரம் அசந்தால் குஞ்சு வெந்துவிடும்.

கொத்து

கோழிக்குச் சமூகம் இருக்கிறது, நம்முடையதைவிடக் கறாரான சமூகம். நார்வேக்காரர் தோர்லைஃப் ஷெல்டெருப்-எப்பே சின்னப் பையனாக இருந்தபோதே கோழிகளை உட்கார்ந்து கவனித்து, யார் யாரைக் கொத்துகிறார்கள் என்று குறித்துக்கொண்டு வந்தார், 1920களின் தொடக்கத்தில் அதை ஆய்வாகவே எழுதினார். முதல் கோழி எல்லோரையும் கொத்தும், இரண்டாவது முதலாவதைத் தவிர மற்றவர்களை, இப்படியே போய்க் கடைசிக் கோழியை எல்லோரும் கொத்துவார்கள். இந்த வரிசை ஒருமுறை நிலைத்துவிட்டால் சண்டை குறையும், பார்வை ஒன்றே போதும். புதுக்கோழி வந்தாலோ, ஒரு கோழி சில நாள் விலகியிருந்து திரும்பினாலோ, சேவலை மாற்றினாலோ வரிசை கலைந்து எல்லாம் மறுபடி முதலிலிருந்து. அந்தச் சில நாட்களில் மந்தை முழுவதுமே நெருக்கடியில் இருக்கும், கொத்துகிறவரும் சேர்த்துத்தான்.

வெயிலில் விழுந்து எழுந்த கோழியை அன்றே மந்தையில் விட வேண்டாம் என்று மேலே சொன்னது இதற்காக. தள்ளாடுகிற கோழியை மற்றவை சும்மா விடாது. கொண்டையிலோ வாலடியிலோ ஒரு பொட்டு ரத்தம் தெரிந்தால் போதும், கூட்டமாகக் கொத்தியே கொன்றுவிடும். ஒரு நாள் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள், ஆனால் மற்றவை பார்க்கிற இடத்தில். முழுக்க மறைத்து நாலைந்து நாள் வைத்தால் திரும்ப வரும்போது அதுவும் புதுக்கோழிதான்.

கடைசிக் கோழியைத்தான் நீங்கள் தேடிப் பார்க்க வேண்டும். தட்டு ஒன்று, தண்ணீர்ச் சட்டி ஒன்று, நிழல் ஒரு மூலையில் என்றால், வெயில் நேரத்தில் அந்த மூன்றையும் மேல்வரிசைக் கோழிகள் எடுத்துக்கொள்ளும். மற்றவை 38 டிகிரியில் வெளியே நிற்கும். எல்லோருக்கும் ஒரே வெயில் என்று நாம் நினைப்போம், ஆனால் அது வரிசைப்படிதான் அடிக்கிறது. ஆகவே தட்டும் சட்டியும் ஒன்றுக்கொன்று கண்ணில் படாத இடங்களில் வையுங்கள், ஒரே கோழி எல்லாவற்றையும் காவல் காக்க முடியாதபடி. ஒரு மூங்கில் தட்டியோ பழைய கதவோ நடுவில் சாய்த்து வைத்தால்கூடப் போதும்.

அடைத்து வளர்ப்பதென்றால் பெரிய கோழிக்கு ஆளுக்கு இரண்டு, இரண்டரை சதுர அடியாவது வேண்டும், கோடையில் இன்னும் கொஞ்சம் தாராளமாக. பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்பது நல்ல கணக்கு. இரண்டாவது சேவலைக் கறிக்கு அனுப்ப மனசு வராமல் வைத்திருப்பவர்கள் எல்லோருடைய வீட்டிலும் முதுகில் இறகில்லாத பெட்டைகளைப் பார்த்திருக்கிறேன்.

புதுக்கோழி வாங்குவதைக் கோடையில் தவிர்த்துவிடுங்கள். தவிர்க்க முடியாவிட்டால் இரண்டு மூன்று வாரம் தனி இடத்தில், தனிச் சட்டியில், வீட்டின் வேறு பக்கத்தில் வையுங்கள். முதலில் உங்கள் கோழிக்குப் போட்டுவிட்டு அப்புறம் புதுசுக்குப் போடுங்கள், திரும்பி வரும்போது கைகால் கழுவுங்கள். பிறகு ஒரு வாரம் வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, பார்த்துக்கொள்ளட்டும். கடைசியில் ஒரு நாள் இரவு, எல்லாம் அடைந்த பிறகு, புதுசைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பரணில் மற்றவற்றின் நடுவில் உட்கார வையுங்கள். விடிந்ததும் கொஞ்சம் கொத்து நடக்கும், நடக்கட்டும். ரத்தம் வந்தால் மட்டும் பிரியுங்கள். ஒற்றைக் கோழியாக விடாமல் இரண்டு மூன்றாக விட்டால் அடி பங்கிட்டுக்கொள்ளப்படும்.

கிருமி, பூச்சி, பூஞ்சை

எல்லோரும் பயப்படுவது வெள்ளைக்கழிச்சலுக்கு. இதற்கு ராணிக்கெட் என்று பெயர் வந்தது உத்தராகண்டின் குமாவோன் மலையில் இருக்கும் ஊரால், 1920களின் கடைசியில் இந்தியாவில் முதலில் பதிவானது அங்கேதான். அதே காலத்தில் இங்கிலாந்தின் நியூகாசிலில் கண்டதால் உலகம் முழுக்க நியூகாசில் நோய் என்கிறார்கள். வைரஸ் என்பதால் வந்த பிறகு மருந்து இல்லை. சின்ன வெங்காயம், சீரகம், மஞ்சள், கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பது எனக்கும் பழக்கம், கோழி கொஞ்சம் தெம்பாகிறது என்றும் நம்புகிறேன், ஆனால் அதைத் தடுப்பூசிக்குப் பதிலாக நினைத்தால் மந்தையே போகும்.

கோடையில் நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். வெயிலில் நிறையத் தண்ணீர் குடிக்கிற கோழி தண்ணீராகத்தான் கழியும். கழிச்சலில் வெள்ளை இருப்பதும் தன்னளவில் நோயல்ல, அது கோழியின் சிறுநீர் உப்பு, ஆரோக்கியமான எச்சத்தின் மேலேயும் வெள்ளைத் தொப்பி இருக்கும். பிறகு எப்படிப் பிரித்துப் பார்ப்பது? மாலை வெயில் இறங்கியதும் பாருங்கள். வெயில் கழிச்சல் என்றால் ஆறு மணிக்குக் கோழி ஓடி வந்து தின்னும், காலையில் எச்சம் கெட்டிப்பட்டிருக்கும். நோய் என்றால் குளிர்ந்த நேரத்திலும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி, தலையைத் தொங்கவிட்டு நிற்கும், எச்சம் பச்சையும் வெள்ளையுமாக இருக்கும், தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும், சில நாளில் கழுத்து திருகும், கால் இழுக்கும். விடியற்காலையிலும் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது வெயிலே அல்ல. அப்போது கோழியைத் தனியாக்கிவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், செத்துப்போனால் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள். அறுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

தடுப்பூசி வரிசை சுருக்கமாக: குஞ்சுக்கு முதல் வாரத்தில் எஃப்1 அல்லது லசோட்டா என்ற வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து, கண்ணிலோ மூக்கிலோ சொட்டு. நாலாவது வாரத்தில் மறுபடி லசோட்டா. ஆறு ஏழு வாரத்தில் அம்மைக்கு. எட்டாவது வாரத்தில் மறுபடி வெள்ளைக்கழிச்சலுக்கு ஆர்2பி, ஊசி. ஆர்2பி கொஞ்சம் முரட்டு மருந்து, அதற்கு முன்னால் சொட்டு மருந்து விடாத கோழிக்கு நேரே அதைப் போட்டால் அதுவே படுக்க வைத்துவிடும். ஊசிக்கு ஒரு வாரம் முன்னால் குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள். கால்நடை பராமரிப்புத் துறை பெரும்பாலும் பிப்ரவரி வாக்கில் கோழிக்கழிச்சல் (வெள்ளைக்கழிச்சல்தான்) தடுப்பூசி முகாம் நடத்தும், அந்த நேரத்துக்கு ஒரு காரணம் உண்டு: எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரமாவது வேண்டும், வெயில் ஏறுவதற்குள் அந்த வேலை முடிந்துவிடும். முகாமை விட்டுவிட்டு மே மாதம் தனியாக ஆளைக் கூப்பிட்ட புத்திசாலி நான். இதில் இன்னொரு கோளாறும் உண்டு. இந்த மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். சட்டைப் பையிலும் பைக் பெட்டியிலும் வந்த மருந்து ஊசிக்குள் ஏறும்போது வெறும் தண்ணீர்தான். ஐஸ் பெட்டியில் வந்ததா, எப்போது கலக்கினார்கள் என்று கேட்க வெட்கப்படாதீர்கள். கலக்கியதை ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். ஒரு குப்பி நிறையக் கோழிக்கு வரும், பக்கத்து வீட்டாரோடு சேர்ந்துகொண்டால் காசும் மிச்சம்.

தீவனத்தில் பூஞ்சை என்பதை யாரும் சீக்காகவே கணக்கு வைப்பதில்லை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் என்னவென்றே தெரியாமல் செத்தன, கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நஞ்சு என்று கண்டுபிடித்தார்கள், அஃப்ளாடாக்சின் என்ற பெயர் அப்படி வந்ததுதான். நம் வீட்டில் ஒரே நாளில் அப்படிக் கொல்லாது. கொஞ்சம் கொஞ்சமாக ஈரலைக் கெடுத்து, எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து, போட்ட தடுப்பூசியைக்கூட வேலை செய்யாமல் ஆக்கிவிடும். கோடை மழையில் நனைந்த மக்காச்சோளம், கட்டி பிடித்த தவிடு, கசப்பு வாடை வருகிற புண்ணாக்கு, இதையெல்லாம் 'கோழிதானே' என்று போடாதீர்கள். காயவைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

கீழே போட்டிருக்கிற உமி அல்லது நார்க்கழிவு ஈரமாகிவிட்டால் அம்மோனியா கிளம்பும். கோழி உயரத்துக்குக் குனிந்து மூக்கை வைத்துப் பாருங்கள், உங்களுக்குக் கண் எரிந்தால் அதற்கு மூச்சுக்குழாய் உள்பக்கமே அரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கிளறிவிட்டு, ஈரப் பகுதியை அள்ளிவிட்டு, புதிது போடுங்கள். குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சல் வருவதும் பெரும்பாலும் இந்த ஈரத்தில்தான்.

டார்ச்சோடு ஒரு இரவு

நான் வாரம் ஒரு முறை, பெரும்பாலும் சனிக்கிழமை, எட்டரை மணிக்கு மேல் டார்ச்சை எடுத்துக்கொண்டு போவேன். இருட்டில் கோழி சாது, பகலில் துரத்திப் பிடித்தால் அதுவே ஒரு சுமை. ஒவ்வொன்றாகத் தூக்கிக் கைக்குள் வைத்து முதலில் இரைப்பையைத் தொடுவேன், நெஞ்சுக்கு மேலே வலப்பக்கம். நன்றாகத் தின்ற கோழிக்கு அது எலுமிச்சம்பழம் மாதிரி புடைத்துக் கெட்டியாக இருக்கும். காலியாகத் தொங்கினால் அன்றைக்கு அதைத் தட்டுப் பக்கம் விடவில்லை, இல்லையென்றால் அதற்கே வேண்டாம் என்றிருக்கிறது. அடுத்து நெஞ்செலும்பு. இரண்டு பக்கமும் சதை இருந்தால் சரி, கத்தி மாதிரி விரலில் குத்தினால் அது ஒரு நாள் பட்டினியல்ல, பல வாரக் கதை. அப்புறம் கொண்டையின் நிறம், வாலடியில் எச்சம் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது, இறக்கைக்கு அடியில் ஊதி இறகை விலக்கிப் பேன் பார்ப்பது.

ஒரு தடவை வரிசையின் கடைசியில் இருந்த கறுப்புப் பெட்டை ஒன்றுக்குக் கொண்டை காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. பகலில் பேன் ஒன்றுகூடத் தெரியவில்லை. அன்று இரவு பரணுக்கட்டையின் இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தால், மிளகாய்ப்பொடி தூவியது மாதிரிச் செள், ரத்தம் குடித்துச் சிவந்து ஊர்ந்துகொண்டிருந்தது. இது பகலில் கட்டையின் இடுக்கில் ஒளிந்துகொண்டு இரவில் மட்டும் கோழிமேல் ஏறும் ஜாதி. கோழிக்கு மருந்து அடித்துப் பயனில்லை, இடுக்கைத்தான் அழிக்க வேண்டும். கட்டையைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, வெயிலில் இரண்டு நாள் போட்டு, வேப்பெண்ணெய் தடவி மாட்டினேன், சுவர் வெடிப்பில் சுண்ணாம்பு. வேப்பமரத்தடிக் குழியில் அடுப்புச் சாம்பலும் மண்ணும் கலந்து போட்டேன், மீதியைக் கோழிகளே புரண்டு பார்த்துக்கொண்டன. ஒரு வாரம் கழித்து மறுபடி செய்ய வேண்டும், முட்டையிலிருந்து அடுத்த கூட்டம் வந்துவிடும்.

ஒரு நாளைக்கு ஒரு மாற்றம்

பழைய கேலண்டர் ஒன்று கொட்டகைக் கதவில் தொங்குகிறது. தினமும் முட்டை எண்ணிக்கையை அந்தத் தேதிக் கட்டத்தில் எழுதுவேன், ஏதாவது மாற்றினால் ஒரு எழுத்து: தீவனம் மாற்றினால் தீ, ஊசி போட்டால் ஊ, புதுக்கோழி விட்டால் பு, இடம் மாற்றினால் இ. இரண்டு எழுத்துக்கு நடுவில் ஒரு வாரமாவது இடைவெளி இருக்க வேண்டும், 38 டிகிரியைத் தாண்டுகிற நாட்களில் எழுத்தே இருக்கக் கூடாது. தீவனம் மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் கால் பங்கு, அரைப் பங்கு என்று ஒரு வாரத்தில் மாற்றுங்கள். முட்டை எண்ணிக்கை திடீரென்று பாதியாக இறங்கினால் பின்னால் போய் அந்த எழுத்தைப் பாருங்கள். எழுத்தே இல்லாமல் இறங்கினால் நோயோ, செள்ளோ, இரவில் கீரியோ மரநாயோ வந்து கலைத்துவிட்டுப் போவதோ ஏதாவது ஒன்று. இறகு உதிர்க்கிற காலமாகவும் இருக்கலாம், தரையில் இறகு கிடப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அடைவைக்க நினைப்பவர்களும் இந்தக் கேலண்டரைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கோடையில் முட்டையை அறையில் சும்மா வைத்தால் சுமார் 20 டிகிரிக்கு மேல் கரு மெல்ல உயிர் பிடித்து, பாதியில் நின்று கெட்டுவிடும். இட்ட அன்றே எடுத்து ஈர மணல் போட்ட பானையில் வைத்து, நாலைந்து நாளுக்கு மேல் போகாமல் அடைவையுங்கள். அடைக்கோழி 21 நாளும் சரியாக எழுந்து தின்னாது, மதியம் ஒரு முறை நீங்களே தூக்கித் தண்ணீர்ச் சட்டி முன்னால் விட வேண்டியிருக்கும், கொத்தும், பொருட்படுத்தாதீர்கள்.

வெயில் போனாலும் கேலண்டரை எடுத்துவிடாதீர்கள். தீபாவளிக்கு முந்தைய இரவு தெருவில் சரவெடி வைக்கும்போது குஞ்சுகள் ஒரு மூலையில் ஏறிக் குவிந்து, அடியில் இருப்பவை நசுங்கியே சாகும். மூலையில் உமியைச் சரிவாகக் குவித்து வளைவாக்கிவிடுங்கள், ஒரு சின்ன விளக்கை எரியவிடுங்கள். அந்த வாரக் கட்டத்தில் நான் இப்போதே ஒரு 'வெ' எழுதி வைத்திருக்கிறேன், அதற்கு முன்னும் பின்னும் ஊசியும் கிடையாது, சந்தையும் கிடையாது.